அப்பா சொல்றதில உண்மை இருக்கோ எண்டு கேட்ட தங்கச்சிக்கு

திருகோணமலை உப்புவெளிப் பக்கத்தில இருந்து ஒரு கடிதம் வந்தது. 36 வயசுத் தாய் ஒராள் எழுதியிருக்கிறா. புருஷன் கட்டாரில, வீட்டில அவவும் ஆறாம் வகுப்பு படிக்கிற மகளும் அவவின்ர அப்பாவும். அப்பாக்கு 68, ஹாபர்ல வேலை செய்து பென்சனில வந்தவர். அம்மா சுனாமியோட போனவ. கடிதம் சரியான நீளம், ஆளைக் கண்டுபிடிக்கக்கூடிய விசயமெல்லாம் எடுத்துப்போட்டு முக்கியமான இடத்தை மட்டும் போடுறன்.

"அக்கா, அப்பா ரெண்டு வருசமா இரவிரவா யூடியூப்தான். சுனாமி தானா வரேல்ல, கடலுக்கடியில குண்டு வச்சவங்கள், முதலே தெரிஞ்சும் எங்களுக்குச் சொல்லேல்ல எண்டுவார். இப்ப பள்ளிக்கூடத்தில கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் போடுற ஊசிக்கு படிவம் வந்திருக்கு. அது தமிழ்ப் பிள்ளையளை மலடாக்கிற ஊசி எண்டு கையெழுத்து வைக்க விடுறார் இல்ல, படிவத்தை எடுத்து சாமித்தட்டுக்குப் பின்னால வச்சிட்டார். மச்சான் குடும்பக் குரூப்பில 'மாமாக்குக் கழண்டிட்டுது' எண்டு போட்டு பெரிய சண்டை. அப்பாக்கு விசரோ அக்கா? எனக்கு இன்னொரு பயமும் இருக்கு, சில நேரம் அவர் சொல்றது எனக்கே சரி போலக் கிடக்கு. எங்களுக்கு முந்திப் பொய் சொன்னவங்கள் தானே."

தங்கச்சி, உங்கட கடைசி வசனத்தில இருந்து தொடங்குறன், ஏனெண்டா அதை விட்டுட்டு மற்றதுக்குப் பதில் சொன்னா நானும் உங்களுக்குப் பொய் சொல்ற ஆளாப் போயிடுவன். ஓம், எங்களுக்குப் பொய் சொன்னவை. 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம் கடற்கரையில காந்தி சிலையடியில எங்கட ஐஞ்சு மாணவர் செத்ததை இந்த ஊரில ஆருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்ல. உடனே வந்த கதை என்ன, பொடியள் தாங்களே கொண்டு வந்த குண்டு வெடிச்சுச் செத்தவை எண்டு. இல்ல, சுட்டவங்கள் எண்டு தாய் தேப்பன்மார் சொல்ல, அதை வதந்தி மாதிரித்தான் பாத்தவை. பிறகு சுடரொளி நிருபர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் வெளியில வந்துது, தலையில சூட்டுக்காயம் வடிவாத் தெரிஞ்சுது, பிரேத பரிசோதனையும் அதைத்தான் சொன்னது. அந்த மாசம் 24ஆம் திகதி சுகிர்தராஜனையும் சுட்டுப்போட்டினம். வழக்கில இருந்த 13 பொலிஸ் விசேட அதிரடிப்படைக்காரரை 2019ல சாட்சி காணாதெண்டு கோர்ட் விட்டுட்டுது. இதையெல்லாம் கண்ணால பாத்த ஊரில வயசான ஒருத்தர் மேல இருந்து வாற கதையை உடனே நம்பேல்ல எண்டா நான் அவருக்கு மாத்திரை எழுதச் சொல்ல மாட்டன்.

இன்னொண்டும் சொல்லோணும், இது என்ர பிழை. சுனாமிக்குப் பிறகு 2005ல முகாம்களில உளவளத்துணை வேலைக்குப் போகேக்க எனக்கு அனுபவம் காணாது. ஒரு முகாமில ஒரு அம்மா வாற கிழமையெல்லாம் என்னட்ட ஒரே கதைதான், எங்களுக்கெண்டு வாற சாமான் இரவில லொறியில திரும்பிப் போகுது பிள்ளை எண்டு. நான் தலையாட்டிப் போட்டு கொப்பியில எழுதினது, 'இழப்புக்குப் பிறகு வந்த அதீத சந்தேகம்' எண்டு. ரெண்டு மாசம் கழிச்சு அது உண்மையெண்டு தெரிய வந்துது, அந்த இடத்தில பொறுப்பா இருந்த ஒராளை இரவோட இரவா மாத்தினவை. அந்த அம்மாவைப் பிறகு நான் காணேல்ல, மன்னிப்புக் கேக்கேல்ல. அதில இருந்து ஒரு ஆள் சந்தேகத்தோட வந்தா முதல் வேலையா அந்தச் சந்தேகத்தில எவ்வளவு உண்மை இருக்கெண்டு பாக்கிறன். உங்கட அப்பாவின்ர கதையையும் அப்பிடித்தான் பாத்தன். அவர் சொல்றதில கொஞ்சம் மெய், கொஞ்சம் பாதி மெய், மகளின்ர ஊசி விசயம் முழுப் பிழை. மூண்டையும் ஒண்டாக் கட்டி 'கழண்டது' எண்டு எறிஞ்சதாலதான் வீட்டில சண்டை.

அப்பா யூடியூப்பில பாக்கிற சாமானிலயும் மெய்க் கதையள் கிடக்கு. அமெரிக்காவில அலபாமா மாநிலத்தில டஸ்கீகி எண்டொரு இடம், அங்க 1932ல இருந்து 1972 மட்டும் நாப்பது வருசமா அரசாங்க சுகாதார சேவை 600 ஏழைக் கறுப்பின ஆக்களை வச்சு ஆராய்ச்சி செய்தது. அதில 399 பேருக்கு மேகநோய் (சிபிலிஸ்), ஆனா அவையளுக்கு அதைச் சொல்லேல்ல, உங்களுக்கு ரத்தம் கெட்டுப் போச்சு எண்டு மட்டும் சொன்னவை, சாப்பாடும் செத்தவீட்டுச் செலவும் குடுத்தவை. 1947 அளவில பெனிசிலின் தாராளமாக் கிடைக்குது, அந்த ஊசி போட்டாச் சுகம், ஆனா போடேல்ல, நோய் முத்தி எப்பிடிச் சாகினம் எண்டு பாக்கிறதுக்காக. அந்தச் சேவைக்குள்ள வேலை செய்த பீற்றர் பக்ஸ்ரன் எண்டவர் 1966ல இருந்து முறைப்பாடு எழுதி எழுதி ஒருத்தரும் கேக்காம, கடைசியா பேப்பர்காரரிட்டக் குடுத்து 1972ல உலகத்துக்குத் தெரிய வந்துது. 1997ல ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டவர். இதில ஒண்டு கவனியுங்கோ தங்கச்சி, இந்தக் கதை வாய் வாயாப் போகேக்க 'ஊசியால அவையளுக்கு நோயை ஏத்தினவங்கள்' எண்டு மாறிப் போச்சு, டஸ்கீகியில அப்பிடி நடக்கேல்ல, இருந்த நோய்க்கு மருந்து குடுக்காம விட்டதுதான் அங்க நடந்த அநியாயம். ஆனா அதே சுகாதார சேவை 1946ல இருந்து 48 மட்டும் குவாத்தமாலாவில உண்மையாவே ஆக்களுக்கு வேணுமெண்டு நோயைத் தொத்த வச்சிருக்கு, அது 2010ல ஒரு வரலாற்றுப் பேராசிரியை பழைய ஆவணங்களுக்குள்ள கிண்டேக்கதான் வெளியில வந்தது. அப்ப ஒரு இடத்தில வதந்தி உண்மையைவிடப் பெரிசு, இன்னொரு இடத்தில உண்மை ஒருத்தரும் நினைக்காத அளவுக்குப் பெரிசு. ரெண்டையும் பிரிச்சுக் காட்டினது கடதாசிதான்.

அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ., ஆக்களுக்குத் தெரியாம அவையளுக்கு மருந்து குடுத்து மனசைக் கட்டுப்படுத்தப் பாத்தது எண்டும் அப்பா சொல்லியிருப்பார், அதுவும் நடந்ததுதான். 1953ல தொடங்கினவை, 1973ல அந்த நிறுவனத்தின்ர தலைவரே கோப்பெல்லாத்தையும் அழிக்கச் சொன்னவர், ஆனா கணக்குப் பிரிவில கிடந்த ஒரு இருபதினாயிரம் பக்கமளவு ஆவணம் தப்பி 1977ல பிடிபட்டுது. சிகரட் கம்பனிகள் 1954 ஜனவரியில நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகையில ஒரே விளம்பரத்தைப் போட்டு புற்றுநோய்க்கும் சிகரட்டுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படேல்ல எண்டு சனத்தைக் குழப்பினதும் மெய், அவையின்ர சொந்தக் கடிதங்களே பிறகு கோர்ட்டுக்கு வந்துது.

ஊசிக்குக் கிட்டவா வாற ஒரு கதையும் இருக்கு, இதை மறைச்சுப்போட்டு ஊசி நல்லது எண்டு சொன்னா நான் நேர்மையான ஆள் இல்ல. பின்லாடன் பாகிஸ்தானில அபொட்டாபாத்தில ஒளிஞ்சிருக்கிறாரோ எண்டு பாக்க 2011ல சி.ஐ.ஏ. ஒரு டொக்டரைப் பிடிச்சு மஞ்சள் காமாலை ஊசி போடுற மாதிரி ஒரு வேலை செய்வித்தது, அந்த வீட்டுப் பிள்ளையளின்ர டி.என்.ஏ. எடுக்கலாம் எண்டு நினைச்சு. ஊசி மருந்து மெய்யான மருந்து, போட வந்த நோக்கம்தான் பொய். அது வெளியில வந்த பிறகு அங்க சனம் போலியோ மருந்து குடுக்க வாற ஆக்களையும் ஒற்றர் எண்டு விரட்டத் தொடங்கினது, ஊசி போடப் போன பெண்களைச் சுட்டுக் கொன்றவங்கள். 2014ல வெள்ளை மாளிகை இனி ஊசி வேலையை உளவுக்குப் பாவிக்க மாட்டம் எண்டு எழுத்தில குடுத்தது. அந்தக் கெட்ட வேலைக்கு விலை குடுத்தது கால் விளங்காமப் போன பிள்ளையள்.

எங்கட பக்கத்திலயும் இருக்கு. 2013ல கிளிநொச்சிக் கரையோரக் கிராமங்கள் சிலதில பெண்களுக்கு கையில வைக்கிற கருத்தடைக் குச்சியை வடிவா விளங்கப்படுத்தாம, நெருக்கி வச்சவை எண்டு முறைப்பாடு வந்துது. உங்கட அப்பாவின்ர பயத்துக்கு வேர் அங்க கிடக்கு எண்டு நினைக்கிறன். அந்த முறைப்பாட்டை நான் சின்ன விசயமாப் பாக்கேல்ல, ஒரு பெண்ணின்ர உடம்பில என்ன வைக்கிறதெண்டு அவளிட்ட வடிவாக் கேக்காமச் செய்யிறது அநியாயம். ஆனா அது எப்பிடி வெளியில வந்தது எண்டு பாருங்கோ: எந்த ஊர், எந்த கிளினிக், என்ன சாமான் வச்சவை, ஆர் சொன்னது எண்டு அந்தப் பெண்களே சொன்னவை. கையில தடவிப் பாத்தாத் தெரியிற சாமான், எடுக்கவும் ஏலும்.

இப்ப அதுக்குப் பக்கத்தில 2018 அம்பாறைக் கதையை வையுங்கோ. முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில கொத்துரொட்டிக்குள்ள சிங்களவரை மலடாக்கிற குளிசை போடுறாங்கள் எண்டு கதை கட்டி கடையையும் பள்ளிவாசலையும் அடிச்சு உடைச்சவை. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதிச்சுச் சொன்னது, அது மாக்கட்டி. சாப்பாட்டில போட்டு ஒராளை நிரந்தரமா மலடாக்கிற அப்பிடியொரு குளிசையே உலகத்தில இல்ல. அடுத்த வருசம் குருநாகல்ல ஒரு முஸ்லிம் டொக்டர் நாலாயிரம் சிங்களப் பெண்களை மலடாக்கினவர் எண்டு பேப்பரில முன்பக்கத்தில வந்து, மனுசனைப் பிடிச்சு உள்ள போட்டு, கடைசியில ஒரு சாட்சியும் இல்லாம அவர் திரும்ப வேலைக்கு வந்தவர். தங்கச்சி, இந்தக் கதையை அப்பாட்டக் கேளுங்கோ, "அப்பா, இதே கதையைச் சிங்கள ஆக்கள் முஸ்லிம் ஆக்களைப் பற்றிச் சொல்லேக்க நீங்கள் நம்பினீங்களோ?" எண்டு. நிச்சயமா நம்பியிருக்க மாட்டார். இப்ப அவருக்கு வந்திருக்கிறது அதே கதை, ஆக்களின்ர பேர் மட்டும் மாறியிருக்கு.

எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் இதுதான். மெய்யான சதி நாள் போகப் போக ஒடுங்கி ஒடுங்கி வரும். இன்ன ஊர், இன்ன திகதி, இன்னாரின்ர கையெழுத்து எண்டு வரும், உள்ளுக்க இருந்த ஒராள் மனச்சாட்சி குத்தி வெளியில வருவார், இல்லாட்டி ஒரு படம், ஒரு கணக்குப் புத்தகம், ஒரு தாய் விடாம நிப்பா. பொய்க்கதை நாள் போகப் போக அகலும், முதல்ல ஒரு டொக்டர், பிறகு எல்லா டொக்டரும், பிறகு உலகத்தில இருக்கிற எல்லா அரசாங்கமும் சேர்ந்து எண்டு போகும், சாட்சி கேட்டா 'சாட்சியையும் அவங்கள்தான் அழிச்சவங்கள்' எண்டு முடியும். அப்பா அனுப்புற வொய்ஸ் மெசேஜ் ஒண்டை எடுத்துக் கேட்டுப் பாருங்கோ, எந்தப் பக்கம் போகுதெண்டு உங்களுக்கே விளங்கும். நோக்கம் இருந்தாக் காணாது எண்டதையும் பிடிச்சுக்கொள்ளுங்கோ, எங்கட சனத்துக்குக் கெடுதல் செய்ய விருப்பப்பட்டவை இருக்கினம் எண்டது ஒரு விசயம், இந்தக் குப்பிக்குள்ள அந்தக் கெடுதல் இருக்கெண்டது வேற விசயம், முதலாவது உண்மையெண்டு ரெண்டாவது உண்மையாகாது.

சுனாமிக்கு வாறன், அப்பாவின்ர கதையில பாதி மெய் இருக்கெண்டு சொன்னது இதைத்தான். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா. அப்ப இருந்த எங்கட நேரத்துக்கு காலமை 6.58க்கு சுமாத்ராவுக்குப் பக்கத்தில நிலம் நடுங்கினது, எங்கட கிழக்குக் கரைக்கு அலை வர ரெண்டு மணித்தியாலம் அளவு எடுத்தது. ஹவாயில இருக்கிற பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்துக்கு நடுக்கம் உடனே தெரியும், பதினைஞ்சு நிமிசத்தில முதல் அறிக்கையும் விட்டவை. ஆனா அதில நடுக்கத்தின்ர அளவு எண்டு போட்டது 8.0, பசிபிக் கடலுக்கு ஆபத்தில்ல எண்டு. ஒரு மணித்தியாலம் அளவில 8.5 எண்டு திருத்தினவை, உண்மையான அளவு 9.1. இந்த அளவுகோலில 8.0க்கும் 9.1க்கும் இடையில சக்தி நாப்பது மடங்குக்கு மேல கூட. இந்து சமுத்திரத்தில அப்ப எச்சரிக்கை வலையமைப்பே இல்ல, ஆருக்கு எடுத்துச் சொல்றதெண்டு ஒரு ஒழுங்கும் இல்ல. கடல் அடிச்சிட்டுது எண்டு அவையளுக்கே தெரிஞ்சது இலங்கையில சனம் செத்த செய்தியை இன்டர்நெட்டில பாத்துத்தான். 35,000 பேருக்கு மேல எங்கட நாட்டில மட்டும் போட்டினம். அதால 'தெரிஞ்சும் சொல்லேல்ல' எண்டு அப்பா கொதிக்கிறதை பொய்யெண்டு சொல்ல என்னால ஏலாது. நிலம் நடுங்கினது தெரிஞ்ச ஆக்கள் இருந்தவை, உங்கட அம்மா கடற்கரைப் பக்கம் நிண்டவ, ரெண்டுக்கும் இடையில ஒரு போன் கோல் வாறதுக்குப் பாதை இல்ல. அந்தப் பாதையைப் போடாம விட்டது ஒரு பெரிய குற்றம்தான் எண்டு நானும் நினைக்கிறன். அதை ஆரும் ரகசியமாத் திட்டம் போட்டுச் செய்யேல்ல, ஏழைக் கடற்கரை எண்டு ஒருத்தரும் காசு போடேல்ல.

குண்டு வச்சது எண்டது பிழை. ஒரு குண்டு வெடிச்சா ஒரு இடத்திலதான் வெடிக்கும். அண்டைக்குக் கிழிஞ்ச கோடு சுமாத்ராவில இருந்து அந்தமான் மட்டும் 1,200 கிலோமீற்றருக்கு மேல, எங்கட இலங்கையை வடக்கு தெற்கா மூண்டு தரம் நீட்டி வச்ச அளவுக்குக் கிட்ட. அந்தக் கோடு முழுக்க பிறகு மாசக்கணக்கா சின்ன நடுக்கம் வந்துகொண்டே இருந்தது. சுமாத்ராவின்ர அச்சேயில ஒரு கடற்கரைக் குகைக்குள்ள பழைய சுனாமிகள் கொண்டுவந்து போட்ட மணல் அடுக்கடுக்காக் கிடக்கு, ஆயிரக்கணக்கான வருசப் பழசு, குண்டெண்டு ஒண்டைக் கண்டுபிடிக்கிறதுக்கு எவ்வளவோ முந்தி. 2012 ஏப்ரல் 11 உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அண்டைக்கும் சுமாத்ராப் பக்கம் 8.6, எச்சரிக்கை வந்து சனமெல்லாம் ஓடினது, ஆனா நிலம் பக்கவாட்டில வழுக்கினதால கடல் பெரிசா எழும்பேல்ல. அண்டைக்கு அந்தப் பாதை இருந்தது. அப்பாவும் உங்களைக் கூட்டிக்கொண்டு ஓடியிருப்பார் தானே.

இருபது வருசமா இந்த வேலையில நான் பாத்த ஒண்டு, சுனாமியில ஆளை விட்டவையில கனபேருக்கு 'கடல் வந்தது, எடுத்துக்கொண்டு போட்டுது' எண்ட கதையோட இருக்க ஏலாது. அவ்வளவு பெரிய இழப்புக்கு ஒருத்தரும் காரணமில்ல எண்டா ஆரோட கோவிக்கிறது? ஒரு எதிரி இருந்தா கோவத்துக்கு ஒரு முகம் கிடைக்கும். சில ஆக்களுக்கு அந்தக் கோவம் தங்கள்ல திரும்பும், நான் அண்டைக்கு அவளைக் கடற்கரைக்கு விட்டிருக்கக் கூடாது எண்டு. உங்கட கடிதத்தில ஒரு இடத்தில, அண்டைக்கு அப்பா டியூட்டியில இருந்தவர், அம்மா மீன் வாங்கப் போனவ எண்டு எழுதியிருக்கிறீங்கள், அந்த வரியை நான் ரெண்டு தரம் வாசிச்சன். குண்டு வச்சவங்களைத் தேடுற ஆள் இரவு ரெண்டு மணிக்கு யூடியூப்பில வேற எதையோ தேடுறார் எண்டு எனக்குப் படுது.

அப்பாக்கு விசரோ எண்டு கேட்டீங்கள். நீங்கள் எழுதினதை வச்சுப் பாத்தா இல்ல. உலகத்தைப் பற்றி ஒரு சதிக்கதையை நம்புறது கனபேர் செய்யிற வேலை, அது நோய் இல்ல. எனக்குப் பயம் வாறது வேற அடையாளங்களுக்கு: தன்னை மட்டும் ஆரோ பின்தொடருறாங்கள் எண்டுறது, நீங்கள் குடுக்கிற சாப்பாட்டில நஞ்செண்டு சாப்பிடாம விடுறது, ஆருமில்லாத இடத்தில குரல் கேக்குதெண்டுறது, குளிப்பு முழுக்கை விடுறது, நாள்கணக்கா நித்திரை இல்லாம இருக்கிறது. அந்த வயசில திடீரெண்டு சந்தேகக் குணம் கூடி, சாமான் வச்ச இடம் மறந்து 'களவெடுத்திட்டாங்கள்' எண்டு தொடங்கினா ஞாபகமறதி நோயின்ர தொடக்கமாவும் இருக்கலாம். இதில ஒண்டு இருந்தாலும் பெரியாஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கு கூட்டிக்கொண்டு போங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்ல. காது கேக்கிறது குறைஞ்சிருக்கோ எண்டும் பாருங்கோ, காது கேக்காத ஆள் வீட்டுக்கதையை விட்டுட்டு இயர்போனோட ஒதுங்கிறது நான் கனக்கப் பாத்தது.

ஊசியைப் பற்றி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி. எண்ட வைரசாலதான் வாறது, எங்கட நாட்டுப் பெண்களுக்கு வாற புற்றுநோயில இது முன்னுக்கு நிக்கிற ஒண்டு. வைரஸ் தொத்துறதுக்கு முதல் போட்டாத்தான் ஊசி வடிவா வேலை செய்யும், அதாலதான் பதினொரு வயசில. இலங்கையில 2017ல இருந்து ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளையளுக்குப் போடுறது, சிங்களப் பள்ளிக்கூடம், முஸ்லிம் பள்ளிக்கூடம், தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாத்திலயும் இதே ஊசிதான். ஆஸ்திரேலியாவில 2007ல தொடங்கினவை, அண்டைக்குப் போட்ட பிள்ளையள் இப்ப முப்பது வயசு தாய்மார். சுவீடனில பதினாறு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2020ல வெளியிட்ட ஆராய்ச்சியில, 17 வயசுக்கு முதல் போட்டவைக்கு இந்தப் புற்றுநோய் 88 வீதம் குறைவு. ஸ்கொட்லாந்தில 12, 13 வயசில முழுசாப் போட்ட பெண்களில ஒருத்தருக்குக்கூட வரேல்ல எண்டு 2024ல அறிவிச்சவை. கை நோகும், சில பிள்ளையள் பயத்தில தலைசுத்தி விழும், அதால பதினைஞ்சு நிமிசம் இருத்தி வச்சுத்தான் விடுவினம், ஒரு சிலருக்குக் காய்ச்சல் வரும். ஒவ்வாமை பெரிசா வாறது அரிது, பிள்ளைக்கு முந்தி ஏதும் ஊசிக்கு ஒத்துக்கொள்ளாம வந்திருந்தா முதலே சொல்லுங்கோ. கிளிநொச்சிக் கதையில பிழை எங்க நடந்தது, விளங்கப்படுத்தாம, கேக்காம வச்சதில. இங்க உங்கட கையெழுத்தைக் கேட்டு ஒரு கடதாசி வந்திருக்கு. மிட்வைஃப் மிஸ்ஸிட்டப் போய் மருந்தின்ர பேர், குப்பியில எழுதியிருக்கிறது, எல்லாத்தையும் காட்டச் சொல்லுங்கோ, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேக்க விடுங்கோ, எவ்வளவு கடுமையாக் கேட்டாலும் பரவாயில்ல. ஊசி போடுற ஆக்களுக்கும் சொல்றன், கேள்வி கேக்கிற தாத்தாவைப் படிக்காத ஆள் எண்டு விரட்டாதேங்கோ, கொரோனா நேரம் மண்ணில புதைச்சாத் தண்ணி கெட்டுப் போகும் எண்டு ஆதாரமில்லாத ஒண்டைச் சொல்லி முஸ்லிம் ஆக்களின்ர மையித்துகளையும் பிடிச்சு எரிச்சது இதே நாடுதான், 2024ல மன்னிப்புக் கேட்டது அதுக்குத்தான். சனம் அதை மறக்கேல்ல.

முடிவு உங்கடது தங்கச்சி, நீங்கள் தாய். ஆனா ஒளிச்சுச் செய்யாதேங்கோ. படிவத்தை அவருக்குத் தெரியாம எடுத்துக் கையெழுத்து வச்சு அனுப்பலாம், ஊசியும் போட்டு முடிஞ்சிடும், ஆனா அண்டைக்கு அவருக்கு தன்ர சொந்த மகளே மறைச்சுச் செய்தவள் எண்டு ஆயிடும், பிறகு அவர் சொல்ற ஒவ்வொரு கதைக்கும் நீங்களே சாட்சி. முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ, "அப்பா, நீங்கள் சொன்னதெல்லாம் தேடிப் பாத்தன், ஹவாயில தெரிஞ்சது உண்மை, கடற்கரைப் பொடியளின்ர கதை உண்மை, கிளிநொச்சியில முறைப்பாடு வந்தது உண்மை. இந்த ஊசி விசயம் நான் பாத்தவரைக்கும் பிழை, நான் போடுவிக்கப் போறன்" எண்டு. அவர் சரி பிடிச்ச இடத்தை நீங்கள் முதல் ஒத்துக்கொண்டாத்தான் பிழை பிடிச்ச இடத்தைக் கேப்பார். சண்டை பிடிச்சா, "இது பிழையா இருந்தா எதைப் பாத்து நீங்கள் ஒத்துக்கொள்ளுவீங்கள்?" எண்டு ஒருக்காக் கேட்டுட்டு விட்டுடுங்கோ, பதில் உடனே வேணாம், மனுசன் இரவு படுக்கேக்க யோசிக்கட்டும்.

மச்சானைக் கூப்பிட்டு குரூப்பில அந்த மெசேஜை அழிக்கச் சொல்லுங்கோ. அப்பாட்ட மன்னிப்புக் கேக்கோணும், போனில கேக்காம நேர வந்து.

அப்பா ஹாபர்காரர், எண்ணெய்க் குதத்தைப் பற்றியும் கட்டாயம் ஒரு கதை வச்சிருப்பார். அதில அவர் சொல்றதில கனக்க உண்மை இருக்கும், அதுவும் ரகசியமில்லாத உண்மை. 1987ல இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் எங்கட ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் மாத்தின கடிதங்களில திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமா வேற நாட்டுப் படைக்குக் குடுக்கக் கூடாது எண்டும் குதத்தை சேர்ந்து திருத்திறது எண்டும் எழுதியே கிடக்கு. 2022ல சீனக்குடாவில இருக்கிற 99 தாங்கியில 61ஐ கூட்டுக் கம்பனிக்கும் 24ஐ பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் 14ஐ லங்கா ஐ.ஓ.சி.க்கும் பிரிச்சவை. இதையெல்லாம் ஒரு கடையில பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அப்பாட்டக் குடுத்து, எனக்கு விளங்கப்படுத்துங்கோ எண்டு கேளுங்கோ. இரவிரவாத் தேடுற மூளை, அதுக்குச் சரியான சாமானைக் குடுத்தா நல்லா வேலை செய்யும், பேத்திக்கும் சரித்திரம் சொல்லிக் குடுப்பார்.

பிறகு ஒரு நாள், ஊசி, படிவம், யூடியூப் ஒண்டும் கதைக்காத நாளாப் பாத்து, பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அம்மா அண்டைக்கு என்ன மீன் வாங்கப் போனவ எண்டு கேளுங்கோ. அவர் கதைச்சு முடிய எவ்வளவு நேரமெடுத்தாலும் இருந்து கேளுங்கோ. படிவம் எப்ப குடுக்கோணும் எண்டு கடிதத்தில எழுதேல்ல நீங்கள், திகதி கிட்டவா இருந்தா கிளாஸ் ரீச்சரிட்ட ஒரு கிழமை தவணை கேட்டு வாங்குங்கோ, பேந்து எனக்கு எழுதுங்கோ.